கைபேசியும் மூளைக்கட்டியும்: ஒன்றுக்கொன்று முரண்படும் ஆய்வுகளை எப்படி வாசிப்பது?

இளவேனில் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. புற்றுநோய் குறித்த பாடத்தை நடத்தும்போதெல்லாம், கைபேசியைக் காதோடு வைத்துப் பேசுவதால் மூளையில் கட்டி வருமா என்று மாணவர்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். "வராது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் மனம் ஒப்பவில்லை; "வரலாம்" என்று சொல்லி அச்சமூட்டவும் விருப்பமில்லை. எனவே ஆய்வுகளை நானே தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது.

உலகச் சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011ஆம் ஆண்டு மே மாதத்தில், கைபேசி வெளியிடும் வானொலி அலைகளை '2பி' என்ற பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை என்ற வரிசையில் சேர்த்தது. 2018இல் அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம், எலிகளின் இதயத்தில் கட்டிகள் தோன்றியதற்குத் தெளிவான சான்று இருப்பதாக அறிவித்தது. ஆனால் 2024இல் உலகச் சுகாதார அமைப்பே கேட்டுப் பெற்ற மீளாய்வு ஒன்று, கைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை என்கிறது. மூன்றும் பொறுப்பான இடங்களிலிருந்து வந்தவை. இவற்றுள் ஒன்றை ஏற்றால் மற்றவற்றைத் தள்ளத்தான் வேண்டுமா, அல்லது மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகளா? இத்துறையில் பணியாற்றுபவர்கள் ஓர் ஆய்வைக் கையில் எடுத்தால் முதலில் எதைப் பார்ப்பார்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன். மாணவர்களுக்கு முடிவை மட்டும் சொல்லாமல், அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும் என்பதே என் எண்ணம்.

தரவுநோக்கர் எழுதியது:

வணக்கம். நோய்ப்பரவலியல் ஆய்வுகளில் புள்ளியியல் பகுதியைக் கவனிப்பது என் தொழில். உங்கள் இறுதிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவற்றின் விடைகளும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. கைபேசி ஆய்வு எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது முடிவை அன்று. ஒருவர் எவ்வளவு நேரம் கைபேசியில் பேசினார் என்பதை அந்த ஆய்வாளர்கள் எப்படி அளந்தார்கள் என்பதைத்தான். முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் இந்த விவாதத்தின் பெரும்பகுதி அந்த ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மிகவும் பேசப்படும் ஆய்வான இன்டர்ஃபோனை எடுத்துக்கொள்வோம். 13 நாடுகளில் ஒரே திட்டத்தின்படி நடத்தப்பட்டு, கிளையோமா, மெனிஞ்சியோமா ஆகிய மூளைக்கட்டிகளைப் பற்றிய முடிவுகள் 2010இல் வெளியாயின. கட்டி வந்தவர்களையும், வயதிலும் பாலினத்திலும் வாழிடத்திலும் அவர்களை ஒத்த, கட்டி வராதவர்களையும் நேர்கண்டு, கடந்த ஆண்டுகளில் எவ்வளவு பேசினீர்கள் என்று கேட்டார்கள். கிளையோமா நோயாளர்கள் மட்டும் 2,708 பேர். முறையாகக் கைபேசி பயன்படுத்தியவர்களுக்குக் கிளையோமா வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களோடு ஒப்பிடுகையில் 0.81 மடங்கு என்று கணக்கு வந்தது. இதை அப்படியே நம்பினால், கைபேசி மூளைக்கட்டியைத் தடுக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கும்! அந்த ஆய்வாளர்களே அப்படிச் சொல்லவில்லை. ஒப்பீட்டுக்காக அழைக்கப்பட்டவர்களில் 53 விழுக்காட்டினர் மட்டுமே பங்கேற்றனர். மறுத்தவர்களில் கைபேசி பயன்படுத்தாதவர்கள் கூடுதலாக இருந்தனர். எனவே ஒப்பீட்டுக் குழுவில் கைபேசிக்காரர்களின் விகிதம் உண்மையைவிட உயர்ந்து, நோயின் வாய்ப்பு குறைந்ததுபோல் தோன்றிவிட்டது.

அதே ஆய்வில் அச்சம் தரும் எண் ஒன்றும் உண்டு. வாழ்நாளில் மொத்தம் 1,640 மணி நேரமோ அதற்கு மேலோ பேசியதாகச் சொன்ன, உச்சப் பத்து விழுக்காட்டுப் பயனர்களிடம் கிளையோமா வாய்ப்பு 1.40 மடங்காக இருந்தது. 2011இல் 2பி முடிவுக்குப் பின்னிருந்த முதன்மையான சான்றுகளில் இது ஒன்று. மற்றொன்று, கைபேசியால் மூளைக்கட்டி ஆபத்து கூடுவதாகச் சொன்ன, சுவீடனில் ஹார்டெல் குழுவினர் நடத்திய ஆய்வுகள். ஆனால் அந்த 1.40இன் அடியிலும் மனித நினைவுதான் இருக்கிறது. மூளையில் கட்டி இருப்பதாகக் கேட்டறிந்த ஒருவர், அது ஏன் தமக்கு வந்தது என்று இரவெல்லாம் சிந்தித்திருப்பார். கைபேசியைப் பற்றிக் கேட்டவுடன் அவர் நினைவு கூடுதலாகவே கணக்குச் சொல்லும். அத்துடன், கட்டியே நினைவாற்றலைப் பாதித்திருக்கவும் கூடும். நாளொன்றுக்கு நம்பவே இயலாத அளவு மணி நேரம் பேசியதாகக் கூறிய சிலரும் அந்த ஆய்வில் இருந்தனர். நிறுவனங்களின் அழைப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மக்கள் பொதுவாக அழைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தும் பேசிய நேரத்தைக் கூட்டியும் சொல்வது தெரியவந்தது.

இந்தக் குறை தெரிந்ததால்தான் ஆய்வுலகம் வேறு வழிக்குத் திரும்பியது. நோய் வந்த பிறகு பழையதைக் கேட்பதற்கு மாறாக, நலமாக இருப்பவர்களை முதலில் பதிவுசெய்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது. டென்மார்க்கில் 1982 முதல் 1995 வரை கைபேசிச் சந்தா பெற்ற நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பட்டியலை, அந்நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்துப் பார்த்தார்கள். கட்டிகள் கூடவில்லை. எனினும் இதையும் குறையற்ற ஆய்வு என்று நான் சொல்ல மாட்டேன். நிறுவனங்களின் பெயரில் வாங்கப்பட்ட சந்தாக்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. அக்காலத்தில் மிகுதியாகப் பேசியவர்கள் அந்தச் சந்தாக்களைப் பயன்படுத்தியவர்கள்தாம். அவர்கள் பயன்படுத்தாதோர் பக்கம் சேர்ந்துவிட்டனர். யாரிடமும் பேசிய நேரத்தைக் கேட்கவும் இல்லை. பிரிட்டனின் பத்து லட்சம் மகளிர் ஆய்விலிருந்து 2022இல் வந்த முடிவு 7,76,000 பெண்களைப் பற்றியது. அங்கும் கட்டிகள் கூடவில்லை. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் குறைவாகப் பேசிய, நடுவயது கடந்த பெண்கள்.

இந்தக் குறைகளையெல்லாம் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்பட்டதே கோஸ்மோஸ் ஆய்வு. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் 2007 முதல் ஆட்களைச் சேர்த்தார்கள். பங்கேற்பாளர்கள் சொன்ன பேச்சு நேரத்தை, தொலைபேசி நிறுவனங்களின் பதிவுகளைக் கொண்டு திருத்தினார்கள். 2024இல் வெளிவந்த முடிவில் 2,64,574 பேர், சராசரியாக ஏழாண்டுக்குச் சற்று மேற்பட்ட தொடர்கண்காணிப்பு. மிகுதியாகப் பேசியவர்களிடமும் கிளையோமா, மெனிஞ்சியோமா, செவி நரம்புக் கட்டி ஆகிய மூன்றும் கூடவில்லை. கண்டறியப்பட்ட கிளையோமா 149 மட்டுமே என்பதால், மிகச் சிறிய கூடுதல் இருந்தால் அது இந்த எண்ணிக்கைக்குள் மறைந்திருக்க இடமுண்டு. பெரிய கூடுதல் மறைந்திருக்க இடமில்லை.

இனி உங்கள் மூன்று செய்திகளில் 2011, 2024 ஆகிய இரண்டுக்கும் வருகிறேன். 2பி என்பது சான்றின் வலிமையைக் குறிக்கும் தரவரிசை. ஆபத்தின் அளவைக் குறிப்பது அன்று. கற்றாழையின் முழு இலைச்சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. மனிதரிடம் கிடைத்த சான்று வரம்புக்குட்பட்டது, ஆனால் புறந்தள்ளத் தக்கதன்று என்பதே 2011இல் அந்தக் குழு சொன்னது. அன்றைய நிலையில் அது நேர்மையான முடிவு என்றே கருதுகிறேன். 2024ஆம் ஆண்டு மீளாய்வு, 1994 முதல் 2022 வரை வந்த 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அதாவது 2011க்குப் பின் வந்த பின்தொடர் ஆய்வுகள் பலவும் அதில் உள்ளன. பத்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் கூடுதல் ஆபத்து தென்படவில்லை என்பதே அதன் முடிவு. அந்த முடிவின் உறுதியை அவர்கள் 'நடுத்தரம்' என்று மதிப்பிட்டார்கள். ஆகவே இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. பின்னது கூடுதல் தகவலோடு எழுதப்பட்டது.

நினைவைச் சாராத வேறொரு சோதனையும் உண்டு. 1990களின் பிற்பகுதியிலிருந்து கைபேசி உலகெங்கும் பரவிவிட்டது. அது கட்டியை உண்டாக்குமானால், புற்றுநோய்ப் பதிவேடுகளில் ஏற்றம் தெரிந்தாக வேண்டும். வட ஐரோப்பிய நாடுகளின் நல்ல பதிவேடுகளில் அப்படிப்பட்ட ஏற்றம் இல்லை. அமெரிக்காவின் 1992–2008 தரவை வைத்து 2012இல் செய்யப்பட்ட கணக்கீடு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஹார்டெல் குழுவினர் சொன்ன ஆபத்து உண்மையானால் 2008இல் பதிவாகியிருக்க வேண்டிய கிளையோமா எண்ணிக்கை, உண்மையில் பதிவானதைவிடக் குறைந்தது 40 விழுக்காடு கூடுதலாக இருந்திருக்கும் என்று அது காட்டியது. அதே வேளையில், மிகுதியாகப் பேசிய சிலருக்கு மட்டும் இன்டர்ஃபோன் சொன்ன சிறிய கூடுதலை அந்தத் தரவால் மறுக்க முடியாது என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

1,640 மணி நேரம் என்பதைப் பத்தாண்டுகளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 27 நிமிடம்தான். அன்று உச்சப் பயன்பாடாகக் கருதப்பட்டது இன்று சாதாரணம். அது உண்மையான ஆபத்தாக இருந்திருந்தால், கடந்த பதினைந்து ஆண்டுப் பதிவேடுகள் வேறுவிதமாக இருந்திருக்கும் என்று உங்கள் மாணவர்களிடம் சொல்லலாம். கணக்கையும் அவர்களையே போடச் சொல்லலாம்.

அலைவரிசை எழுதியது:

நண்பர் தரவுநோக்கர் பேசிய நேரத்தைப் பற்றிச் சொன்னார். வானொலித் தொடர்பியல் பொறியாளன் என்ற முறையில் நான் சேர்க்க வேண்டியது, பேசிய நேரம் மட்டுமே உடலில் சேரும் ஆற்றலின் அளவாகாது என்பதுதான். ஒரே பத்து நிமிட உரையாடலில் ஒருவர் தலைக்குள் சேரும் ஆற்றல், மற்றொருவருக்குச் சேர்வதைவிடப் பல நூறு மடங்கு வேறுபடக்கூடும்.

இரண்டாம் தலைமுறைக் கைபேசி 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உச்சமாக 2 வாட் ஆற்றலை வெளியிடும். ஆனால் அது எட்டு நேரத் துண்டுகளில் ஒன்றில் மட்டுமே அலையை அனுப்புவதால் சராசரி கால் வாட்டைத் தாண்டாது. கைபேசிக் கோபுரத்தின் சைகை (சிக்னல்) நன்றாகக் கிடைக்கும் இடத்தில் கருவி தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொள்கிறது. மூன்றாம் தலைமுறையிலிருந்து இந்தக் கட்டுப்பாடு இன்னும் நுட்பமாயிற்று. எனவே சைகை வலுவற்ற இடத்தில், நகரும் ஊர்தியில், தடித்த சுவர்களுக்குள் பேசுபவரின் கருவிதான் மிகுதியாக உழைக்கிறது. கோபுரம் அருகில் இருந்தால் ஆபத்து கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கைபேசியைக் காதில் வைத்துப் பேசுபவரைப் பொறுத்தவரை, கோபுரம் தொலைவில் இருப்பதுதான் தலைக்குள் கூடுதல் ஆற்றலைச் சேர்க்கிறது. கோபுரத்திலிருந்து வருவது தொலைவு கூடக் கூட வேகமாகத் தேய்ந்துவிடும். கையிலுள்ள கருவியோ காதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த அலை மரபணுவை உடைக்குமா என்பதையும் மாணவர்கள் கேட்கக்கூடும். ஒரு கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் ஏறத்தாழ 4 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். பச்சை நிற ஒளியின் ஒளித்துகளுக்கு அது 2.3 எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஐந்து லட்சம் மடங்குக்கு மேல். வேதிப் பிணைப்பை முறிக்கச் சில எலக்ட்ரான் வோல்ட்டும், அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கப் பத்துக்கு மேற்பட்ட எலக்ட்ரான் வோல்ட்டும் வேண்டும். எக்ஸ் கதிரைப்போல் கைபேசி அலை மரபணுவை நேரடியாகத் தாக்க இயலாது என்பதற்கு இதுவே காரணம். அலையை வலுவாக்கினால் ஒளித்துகள்களின் எண்ணிக்கைதான் கூடும். ஒவ்வொன்றின் ஆற்றலும் கூடாது.

உறுதியாக நிறுவப்பட்ட விளைவு வெப்பம்தான். பாதுகாப்பு வரம்புகளும் அதையொட்டியே வகுக்கப்பட்டன. ஒரு கிலோ உடல் எடைக்கு 4 வாட் என்ற அளவில் உடல் முழுவதும் ஆற்றலை ஏற்றால் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் உயரும். அதில் ஐம்பதில் ஒரு பங்கான 0.08 வாட் பொதுமக்களுக்கான முழு உடல் வரம்பு. தலைக்கு மட்டும் தனி வரம்பு உண்டு: பத்து கிராம் திசுவுக்குச் சராசரி எடுத்து கிலோவுக்கு 2 வாட் என்பது பன்னாட்டு நெறி, ஒரு கிராம் திசுவுக்குச் சராசரி எடுத்து 1.6 வாட் என்பது அமெரிக்க நெறி. கைபேசிப் பெட்டியில் அச்சிடப்படுவது, தலைக்குச் சேரும் இந்த அளவு அந்தக் கருவியில் எவ்வளவு என்பதைக் காட்டும் எண். அந்த எண் கருவி முழு ஆற்றலோடு இயங்கும்போது அளக்கப்படுவது. ஆகையால் 1.2 என்று போட்ட கருவியைவிட 0.6 என்று போட்ட கருவி நடைமுறையில் பாதி ஆற்றலைத்தான் தரும் என்று கொள்ள முடியாது; சைகையைத் திறமையாகப் பற்றும் ஆண்டெனா எதில் உள்ளதோ, அதுவே குறைவாக உழைக்கும்.

ஐந்தாம் தலைமுறையைப் பற்றிய அச்சத்துக்கும் ஒரு வார்த்தை. அதன் பெரும்பகுதி 3.5 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில், நமக்குப் பழக்கமான அலைகளுக்கு அருகிலேயே இயங்குகிறது. 24 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகள் தோலுக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும், மூளையை எட்டா.

நுண்ணோக்கி எழுதியது:

இருவரின் விளக்கங்களும் பயன்மிக்கவை. ஆயினும் ஆய்வுக்கூட நச்சியலில் இருப்பவர் என்ற முறையில் ஒரு மறுப்பைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. "ஒளித்துகளின் ஆற்றல் போதாது, ஆகவே புற்றுநோய் வராது" என்ற வாதத்தை மாணவர்களிடம் முழு விடையாக வைக்காதீர்கள். மரபணுவை நேரடியாக உடைக்காமலேயே புற்றுநோய்க்கு வழிவகுக்கும் பொருள்கள் பல இருக்கின்றன. இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) அதற்குச் சான்று. எந்த வழியில் நிகழ்கிறது என்று தெரியாததால் நிகழவே நிகழாது என்று முடிவுகட்டுவது அறிவியலுக்கு உகந்ததன்று.

விலங்காய்வுகளை இன்னும் மரியாதையோடு பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். தேசிய நச்சியல் திட்டம் தன் எலிகளைக் கருவறையிலிருந்தே, நாளொன்றுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரம், பத்து நிமிடம் அலை, பத்து நிமிடம் இடைவெளி என்ற முறையில், இரண்டாண்டுகள் அலைக்கு உட்படுத்தியது. மிக உயர்ந்த அளவான கிலோவுக்கு 6 வாட்டைப் பெற்ற ஆண் எலிகளில், 90க்கு 5 அல்லது 6 என்ற கணக்கில் இதயத்தின் நரம்புறையில் எழும் ஷ்வான்னோமா என்ற கட்டி கண்டறியப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவின் 90 ஆண் எலிகளில் ஒன்றுக்குக்கூட அது இல்லை. மனிதரின் செவி நரம்புக் கட்டியும் அதே வகை உயிரணுவிலிருந்து எழுவது என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டில் இத்தாலியின் ரமாத்சினி நிறுவனம், 2,448 எலிகளை வைத்துக் கோபுர அலையைப் போன்ற, மிகக் குறைந்த ஆற்றலில் நடத்திய ஆய்விலும் ஆண் எலிகளின் இதயத்தில் அதே கட்டியைக் கண்டது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு ஆய்வுக்கூடங்கள், அரிதான ஒரே கட்டியை, ஒரே பாலினத்தில் காண்பதைத் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட என்னால் முடியாது. உலகச் சுகாதார அமைப்புக்காக 2025இல் வெளியான விலங்காய்வு மீளாய்வும், ஆண் எலிகளின் இதய ஷ்வான்னோமாவுக்கும் கிளையோமாவுக்கும் உரிய சான்றை உயர்ந்த உறுதியுடையது என்றே மதிப்பிட்டது.

மனிதருக்கு இது நேரடியாகப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆய்வை நிறுத்திவிடும் கட்டத்துக்கு நாம் வந்துவிடவில்லை என்றுதான் சொல்கிறேன். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் ஆலோசனைக் குழுவே இந்த அலைகளை முன்னுரிமை கொடுத்து மறுமதிப்பீடு செய்யப் பரிந்துரைத்திருக்கிறது.

தரவுநோக்கர் எழுதியது:

மறுமதிப்பீடு வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அந்த எலி ஆய்வைப் பற்றி மாணவர்களிடம் பேசும்போது விடுபடக்கூடாத செய்திகள் சில உள்ளன. முதலாவது, அலைக்கு உட்பட்ட ஆண் எலிகள், உட்படாத ஆண் எலிகளைவிட நீண்ட நாள் வாழ்ந்தன. முதுமையில் வரும் கட்டிகளைப் பொறுத்தவரை, முன்பே இறந்துவிட்ட ஒப்பீட்டுக் குழுவில் கட்டி குறைவாகத் தென்படுவது இயல்பு. அதற்குரிய திருத்தங்களைப் புள்ளியியலில் செய்ய முடியும் என்றாலும், ஐயம் முழுமையாக நீங்கிவிடாது. இரண்டாவது, பெண் எலிகளிலும் சுண்டெலிகளிலும் இதே தெளிவு இல்லை. மூன்றாவது, கிலோவுக்கு 6 வாட் என்பது எலியின் உடல் முழுவதும் ஏற்றது. நண்பர் அலைவரிசை குறிப்பிட்ட 0.08 வாட் வரம்பின் 75 மடங்கு அது. கைபேசியில் பேசுபவருக்கு ஆற்றல் சேர்வது காதை ஒட்டிய சிறு பகுதியில் மட்டுமே.

ஆனாலும் ரமாத்சினி ஆய்வின் அலை அளவு அவ்வளவு உயர்ந்ததன்று. அங்கே இந்த மூன்றாவது எதிர்வாதம் எடுபடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். விலங்கில் காணும் கட்டியும், மனிதரின் பதிவேடுகளில் காணும் அமைதியும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். அப்படியொரு நிலையில் மனிதரிடமிருந்து நேரடியாகக் கிடைத்த, நினைவைச் சாராத சான்றுக்கே நான் கூடுதல் எடை கொடுப்பேன்.

இளவேனில் எழுதியது:

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. அளவீட்டு முறையை முதலில் பார்க்க வேண்டும் என்பது நான் தேடிய திறவுகோல். இதையொட்டி இன்னும் சில ஐயங்கள். அலை அருகில் இருந்தாலே தலைவலி வருவதாக ஒரு மாணவியின் தாயார் உறுதியாகச் சொல்கிறார். அவருக்கு எப்படி விடையளிப்பது? கால்சட்டைப் பையில் வைத்தால் ஆண்களின் விந்தணு குறையும் என்ற செய்தியில் எவ்வளவு உண்மை? இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வளரும் பிள்ளைகளின் மூளை குறித்துத் தனியாக ஆய்வுகள் நடந்திருக்கின்றனவா?

மருதம் எழுதியது:

நான் பொதுமருத்துவர். இக்கேள்விகள் என் அறைக்கும் அடிக்கடி வருபவை.

அந்தத் தாயாரின் தலைவலி உண்மையானது; அதை ஐயுறாதீர்கள். அலைதான் அதற்குக் காரணமா என்பது வேறு கேள்வி, அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். தமக்கு அலை உணர்வு மிகுதி என்று கருதுபவர்களை ஓர் அறையில் அமர்த்தி, அலை இயங்குகிறதா இல்லையா என்பது அவர்களுக்கும் தெரியாமல், சோதிப்பவருக்கும் தெரியாமல் மாற்றி மாற்றி இயக்குவார்கள். 2005இல் வெளியான மீளாய்வு ஒன்று இத்தகைய 31 சோதனைகளையும், அவற்றில் பங்கேற்ற 725 பேரையும் தொகுத்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றில் அவர்களால் அலையின் இருப்பைக் கண்டறிய முடியவில்லை. அதே நேரத்தில் அலை இல்லாதபோதும் அவர்களுக்கு வலி வந்தது, படபடப்பு வந்தது. எதிர்பார்ப்பே உடலில் வலியை எழுப்பும் ஆற்றலுடையது. ஆகவே அவரிடம் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வது பிழை. தூக்கம், கண் பார்வை, கழுத்துத் தசை, மனஅழுத்தம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்வதே பயன் தரும். அலையைக் குறைகூறிக்கொண்டிருந்ததால் கவனிக்கப்படாமல் போன ஒற்றைத் தலைவலிகளை நான் கண்டிருக்கிறேன்.

அலை மூளையை எவ்விதத்திலும் தொடுவதே இல்லை என்றும் கொள்ள வேண்டாம். 2011இல் அமெரிக்காவில் 47 பேரிடம் நடந்த சோதனையில், ஒலி அடைக்கப்பட்ட கைபேசியை 50 நிமிடம் காதருகே இயக்கியபோது, ஆண்டெனாவுக்கு அண்மையிலுள்ள மூளைப் பகுதியின் குளுக்கோஸ் பயன்பாடு ஏறத்தாழ 7 விழுக்காடு உயர்ந்தது. அது தீங்கு என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. ஓர் உடலியல் மாற்றத்துக்கும் ஒரு நோய்க்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது என்பதை மாணவர்களுக்கு விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

விந்தணுவைப் பொறுத்தவரை, 2005 முதல் 2018 வரை 2,886 இளைஞர்களிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வே கவனத்துக்குரியது. நாளுக்கு இருபது முறைக்கு மேல் கைபேசியைப் பயன்படுத்தியவர்களிடம் விந்தணுச் செறிவு குறைவாக இருந்தது. ஆனால் அந்தத் தொடர்பு 2005–2007இல் வலுவாகவும், பின்வந்த ஆண்டுகளில் மெலிந்தும் காணப்பட்டது. அலைத் தொழில்நுட்பம் மாறி, கருவிகளின் ஆற்றல் குறைந்ததோடு இது ஒத்துப்போகிறது. பையில் வைத்திருந்ததற்கும் செறிவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அதிகம் பயன்படுத்துவோரின் உறக்கமும் உடலுழைப்பும் பிறரிடமிருந்து வேறுபடக்கூடும் என்பதால், இதிலிருந்து காரணத்தை உறுதிசெய்ய இயலாது.

பிள்ளைகளைப் பற்றித் தனி ஆய்வுகள் இருக்கின்றன. 2011இல் வெளியான செஃபாலோ ஆய்வு 7 முதல் 19 வயது வரை உள்ளோரையும், பின்னர் 14 நாடுகளில் நடந்த மோபி-கிட்ஸ் ஆய்வு 10 முதல் 24 வயது வரை உள்ளோரையும் எடுத்துக்கொண்டன. இரண்டிலும் கைபேசியால் மூளைக்கட்டி வருவதாகச் சான்று கிடைக்கவில்லை. எனினும் 2000ஆம் ஆண்டிலேயே பிரிட்டனின் ஸ்டூவர்ட் அறிக்கை, பிள்ளைகள் தேவையற்ற அழைப்புகளைத் தவிர்ப்பது நல்லது என்று முன்னெச்சரிக்கையாகச் சொன்னது. ஒலிபெருக்கியிலோ காதில் மாட்டும் ஒலிக்கருவியிலோ பேசுவதற்குச் செலவு ஏதுமில்லை என்பதால், நானும் அதையே பரிந்துரைக்கிறேன்.

உறக்கத்தைச் சேர்க்காமல் விட மனமில்லை. இங்கே குற்றம் அலையினுடையதன்று, திரையினுடையது. 12 பேரை வைத்து 2015இல் வெளியான சோதனையில், ஒளிரும் திரையில் படித்துவிட்டுப் படுத்தவர்களுக்கு, அச்சிட்ட நூலைப் படித்த இரவுகளோடு ஒப்பிடுகையில், உறக்கம் வர ஏறத்தாழ பத்து நிமிடம் கூடுதலாக ஆயிற்று; உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பும் தள்ளிப்போயிற்று. சிறிய சோதனைதான். ஆனால் நள்ளிரவு வரை திரையில் இருந்துவிட்டுப் பகலில் தலைவலியோடு வரும் பிள்ளைகளைப் பார்ப்பவன் என்ற முறையில் அதன் முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை.

தரவுநோக்கர் எழுதியது:

மருத்துவர் மருதம் அவர்களின் பட்டியலோடு நான் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கைபேசியால் உயிரிழப்பு நேர்கிறது என்பதற்கு ஐயத்துக்கிடமில்லாத சான்று உள்ள இடம் சாலைதான். 1997இல் வெளியான டொராண்டோ ஆய்வு, விபத்துக்குள்ளான, கைபேசி வைத்திருந்த 699 ஓட்டுநர்களை எடுத்துக்கொண்டது. அவர்களிடம் எதையும் நினைவுகூரச் சொல்லவில்லை. தொலைபேசிக் கட்டணப் பதிவை வாங்கி, விபத்துக்குச் சற்று முன்பு அழைப்பு நடந்ததா என்றும், அதே ஓட்டுநர் முந்தைய நாளில் அதே வேளையில் பேசிக்கொண்டிருந்தாரா என்றும் ஒப்பிட்டது. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடாக அமைந்ததால், வயது, பழக்கம், ஓட்டும் திறன் போன்ற வேறுபாடுகள் குறுக்கிடவில்லை. பேசும்போது விபத்து வாய்ப்பு நான்கு மடங்காக இருந்தது. கைகளைப் பயன்படுத்தாமல் பேசும் கருவி வைத்திருந்தவர்களுக்கும் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை.

மூளைக்கட்டிக்கு 1.40 மடங்கு என்ற எண்ணையும், விபத்துக்கு நான்கு மடங்கு என்ற எண்ணையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, ஒவ்வொன்றும் எப்படி அளக்கப்பட்டது என்று வகுப்பில் கேட்டுப்பாருங்கள். இன்டர்ஃபோன், கோஸ்மோஸ் முடிவுகளை மாணவர்களுக்கேற்ற எளிய அட்டவணையாக்கித் தருகிறேன். எந்த வகுப்புக்கு வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.